மாற்றுச் சத்தம்

தையல்காரர் வீட்டுக் கிணற்றின் அடியில் மூன்று குழி போட்டு வெடிமருந்து வைத்தார்கள். இரண்டு சத்தம்தான் கேட்டது.

தையல்காரர் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. எதிர்வீட்டுக்காரர் மூன்று என்று அடித்துச் சொன்னார்; அவர் அப்போது குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூலைக் கடைக்காரர் ஐந்து என்றார். எதையும் கூட்டிச் சொன்னால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும். அன்றைக்குத் தெருமுனையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர் தையல்காரர் ஒருவர்தான். செலவு செய்கிறவன் கவனமாகத்தானே கேட்பான். முதலில் ஒன்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் ஒரு தையல் விட்டுப்போனது.

வெடிக்காரர் புகை அடங்கியதும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பாறையில் வெடி வைத்தே வயதானவர், ஆனால் தலையைச் சொறியும்போது எல்லோரும் ஒரே வயதுதான்.

"ரெண்டும் மூணும் ஒண்ணா போயிருக்கும்" என்றார்.

"போகலைன்னா?"

"போகலைன்னா கீழ கிடக்கும்."

இறங்கிப் பார்க்கலாம் என்று கயிற்றைக் கட்டுவதற்குள் அடியில் ஊற்றுக் கண் திறந்துகொண்டது. எத்தனையோ வருஷமாக வறண்டு கிடந்த கிணறு, பார்க்கப் பார்க்க நிறைந்தது. தையல்காரரின் மனைவிக்கு வாயெல்லாம் பல். தண்ணீர் மூன்று குழிகளையும் மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல வானத்தைக் காட்டியது.

"இனிமே இறங்க முடியாதுங்க" என்று வெடிக்காரர் கயிற்றைச் சுருட்டினார். "அது உங்களை ஒண்ணும் பண்ணாது. நீங்களும் அதை ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஒண்ணும் பண்ணாதீங்கன்னா என்ன அர்த்தம்?"

"ரொம்ப அதிராம பாத்துக்குங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான்: அதிராமல்.

கிணறு சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இரும்புக் காலுடைய தையல் மிஷின். மிதித்தால் பாத்திர அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தையல்காரர் அன்று மாலையே மிஷின் மேல் துணியைப் போட்டு மூடினார். அப்புறம் கையால் தைக்கக்கூடிய வேலைகளை மட்டும் வாங்கினார்: பொத்தான், மடிப்பு, கிழிசல். கதவு இடுக்குகளுக்குப் பழைய துணியை மடித்துத் தைத்து வைத்தார். நாற்காலிகளுக்குக் காலுறை போட்டார். கணவனும் மனைவியும் சண்டை போட்டாலும் கிசுகிசுவென்றுதான் போட்டார்கள். கிசுகிசுத்துப் போடுகிற சண்டையில் பாதி ருசி போய்விடுகிறது. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார்கள். வெந்நீர் வைக்கப் பாத்திரத்தை எடுத்தால்கூட மனைவி அதைக் குழந்தையை எடுப்பது போல இரண்டு கையாலும் எடுத்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிது. வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கண் விழித்ததிலிருந்து தூங்குகிறவரை ஒலிபரப்பு நிற்காது. பல்லி ஓடினால் அதை ஒலிபரப்புவாள், பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் அதையும். கயிறு தாண்டி ஆடினால் தெருமுனைக்குக் கேட்கும். அவளைத்தான் முதலில் குறைத்தார்கள். "மெதுவா, கண்ணு, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்லவே வேண்டியில்லாமல் போயிற்று. நுனிக்காலில் நடந்தாள். தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தும்மினாள். ஒருநாள் வாசல்படியில் விழுந்து முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் அழுதாள். அதைத் தையல்காரர் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டுப்பாட்டுத் துறைக்குப் போனார்.

கட்டுப்பாட்டுத் துறை என்றால் வெடிபொருளையும் துப்பாக்கியையும் கட்டுக்குள் வைக்கிற துறை. பெரிய கட்டடம். வாசலில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தது. உள்ளே போனால் தீயணைக்க வைத்த மணல் வாளியில் டீக் கப்புகள் நட்டு வைத்திருந்தார்கள். பறிமுதல் செய்த துப்பாக்கிகள் கழுத்தில் சீட்டுக் கட்டித் தாழ்வாரம் முழுக்கச் சாய்ந்து நின்றன. ஒன்றில் குடை தொங்கியது. இன்னொன்று, காற்றில் அடித்துக்கொள்ளாதபடி ஒரு கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. எல்லாக் குழாயும் போகிறவர் வருகிறவர் தொடையைப் பார்த்தே இருந்தன.

முட்டுக் கொடுத்த அறைதான் தடுப்புப் பிரிவு. அங்கே ஒரு அதிகாரி, ஒரு மேஜை, மின்விசிறி இருந்த இடத்தில் ஒரு கொக்கி.

தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். பழக்கத்தில் கிசுகிசுத்தே சொன்னார். அதிகாரி அதை லஞ்சம் கொடுக்கிற குரல் என்று நினைத்து எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்படியில்லை என்று தெரிந்ததும் முகம் வாடியது.

"அதாவது, வெடிக்கலை."

"ஆமாங்க."

"வெடிக்காததுக்கு முன்னாடியே வந்திருக்கலாமே."

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, கொக்கியைப் பார்த்துக்கொண்டே விளக்கினார்.

"இங்க ஒவ்வொரு பிரிவுக்கும் அது செஞ்ச வேலையைப் பாத்துத்தான் நிதி. பக்கத்துல நிகழ்வுப் பிரிவு இருக்கு. வெடிச்சா போய்ப் பாக்கறவங்க. எத்தனை வெடிச்சுதோ அதுக்கு ஏத்த நிதி. அந்தப் பக்கம் அமலாக்கம். எத்தனை பேரைப் பிடிச்சாங்களோ அதுக்கு ஏத்த நிதி. நாங்க தடுக்கறவங்க. போன தடவை ஏகப்பட்ட விபத்தைத் தடுத்தோம். தணிக்கைக்கு வந்தவங்க, தடுத்ததைக் காட்டுங்கன்னாங்க. எப்படிக் காட்டறது? அதுதான் நடக்கலையே. நடக்காததுக்கு நிதி கிடையாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. போகும்போது விசிறியையும் கழட்டிட்டாங்க."

"அப்போ என் கிணறு?"

"இறங்கி எடுக்கணும்னா தண்ணிய இறைக்கணும், ஆள் வேணும், வண்டி வேணும். எங்கிட்ட நான்தான் இருக்கேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மனசுல வெச்சுக்காதீங்க, வெடிச்சிருந்தா உங்களுக்கு எல்லாமே கிடைச்சிருக்கும்."

வெடிக்காரரே எடுத்துக்கொடுத்தால் என்ன என்று தையல்காரர் கேட்டார். அதற்கு விதி இருந்தது. வைத்தவர்தான் எடுக்கவேண்டும், வேறு யார் தொட்டாலும் குற்றம். ஆனால் குழியில் வெடிக்காமல் விட்டதாக அவர்மேல் புகார் வந்திருப்பதால் அவருடைய உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. உரிமம் இல்லாதவர் வெடிமருந்தைத் தொட்டால் அதுவும் குற்றம்.

"புகார் யாருங்க குடுத்தது?"

"நீங்கதான். இப்பத்தானே சொன்னீங்க."

தடுப்புப் பிரிவு அவரை நிகழ்வுப் பிரிவுக்கு அனுப்பியது. அங்கே எட்டு மின்விசிறிகள் சுற்றின. ஒரு சுவர் முழுக்கப் படங்கள்: இடிந்த கூரை, கருகிய கதவு, ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, கீழே தேதி எழுதி மாட்டியிருந்தார்கள். கடைசியில் ஒரு சட்டம் காலியாக இருந்தது. தையல்காரர் அதை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நிகழ்வுப் பிரிவின் தலைவர் தொப்பையும் சிரிப்புமாக இருந்தார்.

"ரெண்டு சத்தத்துக்கு உங்ககிட்ட சாட்சி இருக்கா?"

"தெருவே கேட்டுதுங்க."

"நல்லது. மூணாவது கேக்கலைங்கறதுக்கு?"

"நான் கேக்கலைங்க."

"நீங்க கேக்கலை, சரி. நீங்க கேக்காததைக் கூட இருந்து யாராவது கேட்டாங்களா?"

தையல்காரர் இதை மனதுக்குள் இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் உள்பக்கம் என்று பிடிபடவில்லை. இல்லை என்று தலையாட்டினார். சாட்சி அவர் ஒருவர்தான் என்று முடிவானது. விசாரணை முடிகிறவரை அந்தச் சாட்சியும் குடும்பமும் அந்த இடத்தை விட்டு அகலக் கூடாது என்று கையோடு உத்தரவும் கொடுத்துவிட்டார்கள். மச்சினன் வீட்டுக்காவது போய் இருக்கலாம் என்று மனைவி துணி மூட்டை கட்டி வைத்திருந்தாள். உத்தரவைப் படித்துவிட்டு மூட்டையை அவிழ்த்தாள்.

"எதுக்குங்க போனீங்க?" என்று கிசுகிசுத்தாள். "போகாம இருந்திருந்தா ஓடியாவது போயிருப்போம்."

அவர் உத்தரவை மடித்து வைத்தார். சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இடிக்குப் பயப்படுவார்கள், பட்டாசுக்குப் பயப்படுவார்கள். வந்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம், போனால் சிரித்துக்கொள்ளலாம். வராத சத்தத்துக்கு எந்தக் காதைப் பொத்துவது? அது வீட்டில் நான்காவது ஆள் போல இருந்தது. அவர்கள் சாப்பிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. தையல்காரர் ஊசியில் நூல் கோர்க்கும்போது, கண்ணை இடுக்கி மூச்சைப் பிடிக்கிற அந்த இடைவெளியில் வந்து நின்றது. மகள் ஒருநாள் தட்டில் ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைத்தாள். யாருக்கு என்று கேட்டதற்குச் சுவரைக் காட்டினாள். மனைவி அந்தப் பிடியைக் கையில் எடுத்தாள். வெளியே கொட்டவும் மனசு வரவில்லை, உள்ளே வைக்கவும் பயமாக இருந்தது.

தையல்காரருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. அதை மனைவியிடமும் சொன்னதில்லை. ஒருவேளை நான் தப்பாகக் கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து லாரி ஏதாவது போயிருக்கலாம். எதிர்வீட்டுக்காரர் சொன்ன மூன்றுதான் சரியாக இருக்கலாம். அலைந்து திரிந்து வருகிற வழியெல்லாம் அந்த நினைப்பைச் சட்டைப் பையில் மிட்டாய் போல வைத்திருந்தார்.

அவர் விடாமல் போய்க்கொண்டே இருந்தார். துறைக்கும் அலுப்புத் தட்டியிருக்கவேண்டும். ஒருநாள் பெரிய ஐயாவே கூப்பிட்டனுப்பினார். பெரிய ஐயா என்றால் மொத்தத் துறைக்கும் தலைவர். அவர் மேஜை மேல் பளபளவென்று துலக்கிய பீரங்கிக் குண்டு ஒன்று காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க குறை என்னன்னு முழுசாப் படிச்சேன்" என்றார். "உங்களுக்கு வரவேண்டிய சத்தம் மூணு. வந்தது ரெண்டு. ஒரு சத்தம் பாக்கி. அவ்வளவுதானே?"

"அது பாக்கி இல்லைங்க ஐயா. கீழ இருக்குதுங்க. கொழந்தை ஓடியாடற இடம்."

"புரியுது. ஒரு குடிமகனுக்கு ஒரு சத்தம் குறைஞ்சாக்கூட இந்தத் துறைக்குத் தூக்கம் வராது. நம்ம விதியிலேயே வழி இருக்கு. மாற்றுச் சத்தம்னு பேரு. குறையற சத்தத்தைத் துறையே தன் செலவுல, தன் மைதானத்துல, உங்க பேர்ல வெடிச்சுக் குடுக்கும். நீங்க கேட்டு, கேட்டேன்னு கையெழுத்துப் போட்டா மூணும் சரியாயிடும். கோப்பும் மூடிடும், உங்க மேல இருக்கற உத்தரவும் போயிடும்."

"அந்தச் செலவுல கெணத்துத் தண்ணிய இறைச்சு எடுத்துடலாமேங்க?"

பெரிய ஐயா பொறுமையாகச் சிரித்தார். "இது வெடிக்கற நிதி, தம்பி. எடுக்கறதுக்குத் தொட முடியாது. வருஷக் கடைசி வேற. வெடிக்கலைன்னா திருப்பி அனுப்பணும்."

மாற்றுச் சத்தத்துக்கு மைதானத்தில் துணிப் பந்தல் போட்டார்கள். சோபாக்கள் வந்தன, குடிக்கத் தண்ணீர் பாட்டில்கள் வந்தன. பேசுகிறவர்கள் எல்லோரும் பேசினார்கள். நிகழ்வுப் பிரிவின் தலைவர், தம் பிரிவு இந்த வருஷம் இலக்கைத் தாண்டிவிட்டதாகவும், அதற்கு ஒத்துழைத்த பொதுமக்களுக்கும், மறைந்த பொதுமக்களுக்கும் நன்றி என்றும் சொன்னார். தடுப்புப் பிரிவு அதிகாரியைக் கடைசியில் கூப்பிட்டார்கள். அவர் ஒலிபெருக்கி முன் நின்றார், தொண்டையைச் செருமினார், சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அப்புறம் எல்லோருக்கும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்துக்கொண்டு வந்தார்கள். தையல்காரர் கையை நீட்டினார்.

"சாட்சிக்குப் பஞ்சு கிடையாதுங்க" என்றார் பஞ்சுக்காரர். "நீங்க கேக்கணும்."

தூரத்தில் மண்மேடு ஒன்று எழும்பி விழுந்தது. சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து அறைந்தது. காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவர்கள் புன்னகை மாறாமல் கைதட்டினார்கள். தையல்காரர் மட்டும் தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கி நிறுத்தி, பேனாவைக் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாவது சத்தத்தைக் கேட்டேன் என்று அதில் இருந்தது. அவர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையெழுத்துப் போட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுக்காவது போகலாம். போட்டார். சான்றிதழில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்கள்: 'மேற்படி கிணறு துறையின் பார்வையில் தூய்மையானது.'

வீட்டுக்கு வந்து சான்றிதழை மனைவியிடம் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மூணாவதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நம்ம மூணாவதா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய சட்டையை இன்னொரு தரம் மாட்டினார். மூலையில் உட்கார்ந்திருந்த மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இனிமே சத்தம் போடலாமா?" என்று கேட்டாள். கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

கையெழுத்துப் போட்ட மனுஷன். என்ன சொல்வார்? "போடலாம் கண்ணு" என்றார்.

அவள் உடனே நம்பவில்லை. அலமாரிக்கு அடியில் கிடந்த, தாண்டி ஆடுகிற கயிற்றை இழுத்து எடுத்தாள். தூசி தட்டினாள். பின்கட்டுக்குப் போனாள். முதலில் ஒரு காலை மெதுவாக ஊன்றிப் பார்த்தாள். அப்புறம் கிணற்றை ஒட்டிய சிமென்ட் தரைக்குப் போய், கயிற்றை ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு காலையும் தூக்கினாள்.

"நில்லு!"

அது தையல்காரரின் குரல்தான். ஆனால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. எத்தனை நாள் அடைத்து வைத்த குரலோ, மொத்தமாக வெளியே வந்துவிட்டது. அலமாரியில் டம்ளர்கள் ஆடின. கிணறு அதை வாங்கி உருட்டி, திருப்பிக் கொடுத்தது. மகள் ஒற்றைக் காலில் அப்படியே நின்றாள். மனைவி கையில் இருந்த கரண்டி கையிலேயே நின்றது. மூவரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை. வராததுதான் வழக்கம். மகள் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நுனிக்காலில் உள்ளே வந்தாள். நாளைக் காலையே மச்சினன் வீட்டுக்குக் கிளம்புவது என்று கிசுகிசுத்து முடிவு செய்தார்கள். மனைவி மறுபடி துணி மூட்டை கட்டினாள்.

ஆனால் எதிர்வீட்டுக்காரர் என்று ஒருவர் இருக்கிறார் அல்லவா. அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டதால் அவர் பதறிப்போனார். கட்டுப்பாட்டுத் துறைக்குத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே பேசியது மனிதக் குரல் இல்லை. வெடிச் சத்தம் என்றால் ஒன்றை அழுத்தவும், துப்பாக்கிச் சத்தம் என்றால் இரண்டை அழுத்தவும் என்றது. தகப்பன் மகளைப் பார்த்துக் கத்திய சத்தத்துக்கு எண் எதுவும் இல்லை. அவர் ஒன்றை அழுத்தினார்.

துறையில் கணக்குப் பார்த்தார்கள். மேற்படி முகவரிக்கு அனுமதித்த குழி மூன்று. கேட்டுச் சான்று பெற்ற சத்தம் மூன்று. இப்போது நான்காவது ஒன்று வந்திருக்கிறது. அப்படியானால் அந்த வீட்டில் அனுமதியில்லாத வெடிபொருள் இருக்கிறது. அனுமதி பெற்ற வெடிக்கு ஒரு வாளியும் ஒரு ஆளும் அனுப்ப வழியில்லாத துறை, அனுமதியில்லாத வெடி என்றதும் இரண்டு வண்டி நிறைய ஆள் அனுப்பியது. காலையில் மூட்டையோடு வாசலுக்கு வந்தவர்களை அமலாக்கப் பிரிவு வாசலிலேயே மறித்தது. தலைக்கவசம், கேடயம், முழங்கால்வரை பூட்ஸ். அவர்கள் உள்ளே நுழைந்த நடையில் வீட்டுத் தரை, கிணறு நிறைந்த பிறகு முதல் தடவையாக அதிர்ந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாலாவதை எடுத்துக் குடுத்துட்டா நல்லது" என்றார் அமலாக்க அதிகாரி. மீசையைப் பார்த்தாலே சல்யூட் அடிக்கத் தோன்றும்.

"நாலாவது இல்லீங்க ஐயா. மூணாவதுதான் இருக்கு."

"மூணாவதுக்குத்தான் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அது முடிஞ்சு போச்சு. நாலாவது எங்க?"

தேடினார்கள். மாவு டப்பாவைக் கொட்டினார்கள். துணிக்குக் கோடு போடுகிற சுண்ணக்கட்டியை, சந்தேகத்துக்குரிய பொடி என்று எழுதி உறையில் போட்டார்கள். மிஷினைப் பிரித்து நூல்கண்டு சுற்றுகிற சின்ன உருளைகளை எடுத்து எண்ணி வைத்தார்கள். அவர்கள் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் தையல்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டார். கடைசியில் பின்கட்டுக்கு வந்தார்கள்.

"ஐயா, கெணத்தைப் பாருங்க. கெணத்துலதான் இருக்கு" என்று தையல்காரர் கெஞ்சினார்.

"கெணறு தூய்மையானதுன்னு துறையே சான்று குடுத்திருக்கு. அதுல தேடினா நாங்களே எங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்." அதிகாரி படம் எடுக்கிறவரைக் கூப்பிட்டார். "இந்தப் பக்கம் வா. வெளிச்சம் நல்லா இருக்கு."

படத்துக்கு நிற்பதற்காக அவர் ஒரு காலைத் தூக்கிக் கிணற்றுச் சுவர்மேல் ஓங்கி வைக்கப்போனார்.

"மாமா" என்று ஒரு சின்னக் குரல் கிசுகிசுத்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். மகள் அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். உதட்டின்மேல் ஒரு விரல் இருந்தது.

"மெதுவா வைங்க மாமா. அது இன்னும் போகலை."

அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எந்தப் படியில் வழுக்கும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பின்னால் கேடயங்களின் சலசலப்பு அடங்கியது. யாரோ ஒருவர் தும்மல் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அத்தனை பேரும் கேட்டார்கள். அந்த வீட்டில் இத்தனை நாள் மூன்று பேர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த வராத சத்தம், முதல் தடவையாக அவர்கள் காதிலும் விழுந்தது.

அதிகாரி காலை மெல்ல, மிக மெல்ல, பின்னால் எடுத்துத் தரையில் வைத்தார்.

"எழுதிக்க" என்று தம் ஆளிடம் கிசுகிசுத்தார். "சோதனையில ஒண்ணும் சிக்கலை. கெணறு நல்லா இருக்கு. எந்த ஆபத்தும் இல்லை."

"ஆபத்தும் இல்லை" என்று எழுதிக்கொண்டவரும் கிசுகிசுத்தார்.

பிறகு அமலாக்கப் பிரிவு பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது. வந்த வழியே, ஒருவர் பின் ஒருவராக, நுனிக்காலில் வெளியே போனது. போகும்போது அதிகாரி வாசலில் நின்று, விசாரணை முடிகிறவரை யாரும் இடத்தை விட்டு அகலக் கூடாது என்று சைகையில் சொன்னார். வண்டிகளைக் கிளப்பவில்லை. வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார்கள்.

தையல்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். அரசாங்கம் கடைசியில் அவரை நம்பிவிட்டது. இத்தனை நாள் அலைந்தது இதற்குத்தான். ஆனால் சட்டைப் பையில் வைத்திருந்த மிட்டாய் போய்விட்டது. தான் தப்பாகக் கேட்டிருக்கலாம் என்று இனிமேல் அவரால் நினைக்கவே முடியாது. மனைவி மூட்டையைப் பிரித்துத் துணிகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனைக்கு அப்பால் எங்கேயோ ஒரு வண்டி கிளம்பியது. கிளம்பும்போது புகைக்குழாய் ஒரு தரம் படாரென்று வெடித்தது.

மகள் ஓடி வந்து அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். கண் விரிந்திருந்தது. பயத்தில் இல்லை, ஆசையில்.

"அப்பா, வந்துடுச்சா?"

கேட்டேன் என்று அரசாங்கத்திடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்று அவள் காதில் சொன்னார். "அது வேற."